பெண் உளவாளிகள்: எங்கள் வாசகர் வட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கில் இடைநிலைப்பள்ளி ஒன்றில் நெடுங்காலம் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்ற பிறகு, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வாசகர் வட்டத்தில் ஏதேனும் ஒரு வரலாற்றுப் பொருளைப் பற்றிப் பேசிவருகிறேன். உளவுத் தொழிலில் பெண்கள் என்ற தலைப்பை ஒரே மாதத்தில் முடித்துவிடலாம் என்று எண்ணித் தொடங்கினேன். அது நான்கு மாதங்களுக்கு நீண்டுவிட்டது. தேநீர் வேளையிலும், வீடு திரும்பிய பின் வாட்ஸ்அப்பிலும், ஏறக்குறைய ஒரே ஐயங்கள் வெவ்வேறு ஆட்களிடமிருந்து வந்துகொண்டே இருந்தன. அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே தொகுத்து, பதில்களையும் எழுதியிருக்கிறேன்.

டீச்சர், தூது, ஒற்று, உளவு எல்லாம் ஒன்றுதானே? ஔவையார்கூட உளவு பார்க்கத்தானே தொண்டைமானிடம் போனார்?

இல்லை. தூது வெளிப்படையானது, ஒற்று மறைவானது. அதியமான் நெடுமான் அஞ்சியின் தரப்பிலிருந்து வந்தவர் என்று தெரிந்தேதான் தொண்டைமான் ஔவையாரை வரவேற்றுத் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான். உன் வேல்கள் பீலி சூடி, நெய் பூசிக்கொண்டு அழகாக இருக்கின்றன, எங்கள் மன்னனுடையவை முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று அவர் குத்திக்காட்டியது நேருக்கு நேர் சொன்ன சொல். உளவாளியாகப் போயிருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டார்.

சட்டத்தில் இதற்கு ஒரு வரையறை உண்டு. மறைவாகவோ பொய்யான தோற்றத்திலோ எதிரியின் பகுதியில் தகவல் திரட்டி, அதைத் தன் தரப்புக்குச் சேர்க்க முனைபவரே உளவாளி என்றும், சீருடையோடு நுழைந்து வேவு பார்க்கும் படைவீரர் உளவாளி ஆகமாட்டார் என்றும் 1907ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை கூறுகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்வரும் சில கேள்விகளுக்குத் தேவைப்படும்.

பழைய காலத்தில் பெண் ஒற்றர்கள் இருந்ததற்கு எழுத்துச் சான்று இருக்கிறதா, இல்லை குயிலி மாதிரி கதைகள்தானா?

எழுத்துச் சான்று இருக்கிறது. அர்த்தசாஸ்திரம் ஒற்றர் வகைகளைப் பிரிக்கும் இடத்தில் பெண் துறவியைத் தனி வகையாகவே வைக்கிறது: வறுமையுற்ற கைம்பெண், பேச்சுத் துணிவு உள்ளவர், அந்தப்புரத்தில் மதிக்கப்படுபவர், பெரிய அதிகாரிகளின் வீடுகளுக்கு இயல்பாகப் போய்வரக்கூடியவர். இந்தப் பட்டியலில் அழகு இல்லை என்பதைக் கவனியுங்கள். திருக்குறளின் 59ஆம் அதிகாரமான ஒற்றாடலும் துறவி வேடத்தைக் குறிப்பிடுகிறது, ஆனால் பெண்களைத் தனியே சொல்லவில்லை.

குயிலியைப் பொறுத்தவரை, அவருடைய அரசி வேலு நாச்சியார் உறுதியான வரலாறு: கணவர் 1772இல் காளையார்கோவிலில் கொல்லப்பட்டார், ஹைதர் அலியின் உதவியுடன் 1780இல் நாச்சியார் சிவகங்கையை மீட்டார். தன் உடலில் தீ வைத்துக்கொண்டு ஆங்கிலேயரின் ஆயுதக் கிடங்கை அழித்ததாகச் சொல்லப்படும் குயிலியின் கதை வாய்மொழி மரபிலும் பிற்கால எழுத்திலும் வளர்ந்தது. அதை மரபாகச் சொல்வதில் தவறில்லை, ஆவணமாகச் சொல்லக்கூடாது. ஓர் ஒற்றன் தந்த செய்தியை இன்னோர் ஒற்றனைக் கொண்டு ஒற்றிப் பார்க்க வேண்டும், மூவர் சொல் ஒத்தால் நம்பலாம் என்று வள்ளுவர் அரசனுக்குச் சொன்ன விதி, வரலாறு படிப்பவர்களுக்கும் பொருந்தும். இந்தப் பக்கத்தில் நானும் அதைத்தான் கடைப்பிடிக்கிறேன்.

மாத்தா என்றால் மலாயில் போலீஸ்தானே? அதனால்தான் அந்த உளவாளிக்கு மாத்தா ஹரி என்று பெயரா?

இந்தக் கேள்வி மலேசியாவில் மட்டுமே எழக்கூடியது என்பதால் எனக்கு மிகவும் பிடித்தது. காவலரையும் துப்பறிவோரையும் மூத்தவர்கள் 'மாத்தா மாத்தா' என்று சொல்லிக் கேட்டிருப்போம். ஆனால் 'மாத்தா' என்றால் கண், 'ஹரி' என்றால் நாள். சேர்ந்தால் 'மாத்தாஹரி', சூரியன். காலையில் பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய் அத்தை) சொல்லும் அதே சொல்தான்.

அவருடைய இயற்பெயர் மார்கரெத்தா சேல. 1876இல் நெதர்லாந்தில் பிறந்தவர். டச்சுக் காலனியப் படை அதிகாரி ஒருவரை மணந்து 1897இல் ஜாவாவுக்கு வந்து, சில ஆண்டுகள் இந்தப் பக்கத்தில் வாழ்ந்தார். மணவாழ்வு முறிந்த பின் பாரிஸ் மேடையில் கீழ்த்திசைக் கோயில் நடனக்காரியாகத் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டபோது, தெரிந்திருந்த மலாய்ச் சொல்லைப் பெயராக்கிக்கொண்டார். உளவுக்கும் அந்தப் பெயருக்கும் தொடர்பில்லை.

சரி, அவர் எத்தனை ரகசியங்களைத் திருடினார்? உலகத்திலேயே பெரிய பெண் உளவாளி என்கிறார்களே?

பெரிய புகழ், சிறிய உளவு. ஜெர்மானியரிடம் பணம் வாங்கியதை அவரே விசாரணையில் ஒப்புக்கொண்டார். பிரெஞ்சுக்காரர்களுக்கும் உளவு பார்ப்பதாக வாக்களித்திருந்தார். ஆனால் அவர் கொடுத்த எந்தத் தகவலால் எந்தப் படைக்குச் சேதம் வந்தது என்பதை வழக்கில் உருப்படியாகக் காட்ட முடியவில்லை. மாட்ரிட்டிலிருந்த ஜெர்மன் ராணுவ அதிகாரி பெர்லினுக்கு அனுப்பிய செய்திகளே முக்கியச் சான்று. அவை பிரெஞ்சுக்காரர்கள் ஏற்கெனவே உடைத்துவிட்ட சங்கேதத்தில் அனுப்பப்பட்டவை. அவர் 1917 அக்டோபர் 15 அன்று வின்சென்னில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அதே ஆண்டில்தான் பிரெஞ்சுப் படைக்குள் பெரும் கலகங்கள் வெடித்திருந்தன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தோல்விகளுக்கு ஒரு முகம் தேவைப்பட்ட நேரத்தில், எல்லாரும் அறிந்த ஒரு முகம் கிடைத்தது என்றே நான் கருதுகிறேன்.

அப்படியென்றால் பெண்கள் மயக்கித்தான் ரகசியம் வாங்குவார்கள் என்பது பொய்யா?

முழுப் பொய் இல்லை, அப்படியும் சில நடந்திருக்கின்றன. ஆனால் திட்டமிட்டு, ஆண்டுக்கணக்கில், ஒரு துறையாகவே அதைச் செய்து பலன் கண்டது கிழக்கு ஜெர்மனி. அங்கே அனுப்பப்பட்டவர்கள் ஆண்கள். மேற்கு ஜெர்மனியின் தலைநகரான பானில் தனியாக வாழ்ந்த அலுவலகச் செயலாளர்களைக் காதலிப்பதாக நடித்து, அவர்கள் மூலம் அமைச்சகக் காகிதங்களைப் பெற்றார்கள். 'ரோமியோ' என்றே அவர்களுக்குப் பெயர். மயக்கியவன் ஆண், மயங்கியவள் பெண், ஆனாலும் நம் நினைவில் நிற்பதென்னவோ நடனக்காரிதான்.

பின்னே எதை வைத்துத்தான் வேலை செய்தார்கள்?

கண்ணில் படாமல் இருப்பதை வைத்து. 1944 மே மாதம் நார்மண்டியில் பாராசூட்டில் இறங்கிய ஃபிலிஸ் லாத்தூர் என்பவரை எடுத்துக்கொள்வோம். வயது 23, ஆனால் 14 வயது ஏழைச் சிறுமியாக உடுத்திக்கொண்டு, சைக்கிளில் சோப்பு விற்றபடி ஊர் ஊராகச் சுற்றினார். ஜெர்மன் சிப்பாய்களிடம் வாயாடினார், பார்த்ததை லண்டனுக்கு வயர்லெஸில் அனுப்பினார். அவருடைய சங்கேதங்கள் ஒரு பட்டுத் துணித் துண்டில் அச்சிடப்பட்டிருந்தன. ஒன்றைப் பயன்படுத்தியதும் ஊசியால் அதன்மேல் ஒரு துளை குத்திவிடுவார், அது தீர்ந்தது என்பதற்கு அடையாளம். அந்தத் துணியைப் பின்னல் ஊசியில் சுற்றி, தட்டையான காலணிக் கயிறு ஒன்றுக்குள் செருகி, அதையே தலைமுடி கட்டும் நாடாவாக்கிக்கொண்டார். ஒருமுறை சோதனையில் நாடாவைச் சந்தேகமாகப் பார்த்தபோது, அதை அவிழ்த்து, கூந்தலை உதறிக் காட்டிவிட்டாராம். இப்படி 135 செய்திகளை அனுப்பியவர், பிறகு நியூசிலாந்தில் குடியேறி, பிள்ளைகளிடம்கூடப் பல ஆண்டுகள் சொல்லாமல் வாழ்ந்து, 2023இல் 102 வயதில் காலமானார்.

பிரிட்டன் பெண்களை அனுப்பத் துணிந்ததற்கு நடைமுறைக் காரணமும் இருந்தது. ஜெர்மானியர் ஆண்ட பிரான்ஸில் வேலை செய்யும் வயதுள்ள ஆண் பகலில் சாலையில் நடந்தாலே காகிதம் கேட்டார்கள். 1943 தொடக்கத்தில் கட்டாய உழைப்புக்கு ஆள் பிடிக்கும் சட்டம் வந்த பிறகு நிலைமை இன்னும் இறுகியது. கூடையோடு போகும் பெண்ணை யாரும் அவ்வளவாக நிறுத்தவில்லை. எஸ்.ஓ.இ. என்ற பிரிட்டிஷ் ரகசிய அமைப்பின் பிரெஞ்சுப் பிரிவு இவ்வாறு 39 பெண்களை அனுப்பியது. 13 பேர் திரும்பவில்லை.

ஒரு காலை இழந்த பெண் உளவாளி இருந்தார் என்று படித்தேன். நம்பவா?

நம்பலாம். அமெரிக்கரான வர்ஜினியா ஹால், 1933இல் துருக்கியில் வேட்டையின்போது தன் துப்பாக்கியே வெடித்ததில் இடது காலின் கீழ்ப்பகுதியை இழந்தார். மரக்காலுக்குக் 'கத்பெர்ட்' என்று பெயர் வைத்திருந்தார். 1941இல் எஸ்.ஓ.இ. அவரைப் பிரான்ஸுக்கு அனுப்பியது. லியோன் நகரிலிருந்து வலையமைப்பு ஒன்றை நடத்தினார். பிடிபடும் தறுவாயில் 1942 நவம்பரில், அந்த மரக்காலோடு பிரனீஸ் மலையைப் பனியில் நடந்தே கடந்தார். கத்பெர்ட் தொல்லை கொடுக்கலாம் என்று அவர் லண்டனுக்குச் செய்தி அனுப்ப, அது ஓர் ஆளின் பெயர் என்று எண்ணிய அதிகாரி, தொல்லை கொடுத்தால் தீர்த்துவிடு என்று பதில் அனுப்பியதாகச் சொல்வதுண்டு.

1944இல் அமெரிக்க உளவு அமைப்பின் சார்பில் கிழவி வேடத்தில் மீண்டும் பிரான்ஸுக்குள் சென்றார். போருக்குப் பின் சி.ஐ.ஏ.வில் சேர்ந்தவரைப் பெரும்பாலும் மேசை வேலையிலேயே வைத்திருந்தார்கள்.

நூர் இனாயத் கான் திப்பு சுல்தான் பரம்பரை என்று வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா?

ஆம். 1914இல் மாஸ்கோவில் பிறந்தவர். தந்தை சூஃபி இசைஞர் இனாயத் கான் வழியாக மைசூர் திப்புவின் வம்சம். பாரிஸில் வளர்ந்து, குழந்தைகளுக்குக் கதை எழுதியவர். 1943 ஜூனில் ஜெர்மானியர் பிடியிலிருந்த பிரான்ஸுக்குள் எஸ்.ஓ.இ.யால் அனுப்பப்பட்ட முதல் பெண் வயர்லெஸ் இயக்குநர் அவரே. பெட்டிக்குள் அடங்கும் கருவியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக மாற வேண்டும். ஒரே இடத்திலிருந்து நீண்ட நேரம் அனுப்பினால் அலையைத் தேடும் வண்டிகள் வாசலுக்கு வந்துவிடும். இந்த வேலையில் இருப்பவர் ஆறு வாரம் தாக்குப்பிடித்தாலே பெரிது என்று அப்போது கணக்கிட்டிருந்தார்கள். நூர் ஏறக்குறைய நான்கு மாதங்கள் தாக்குப்பிடித்தார்.

ஆனால் அவருடைய கவனக்குறைவால்தான் மற்றவர்கள் பிடிபட்டார்கள் என்றும் சொல்கிறார்களே?

இரண்டு செய்திகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பாரிஸ் வலையமைப்பு, நூர் வந்திறங்கிய சில நாட்களிலேயே சரியத் தொடங்கியது. அதற்கு அவர் காரணமில்லை. திரும்பி வந்துவிடு என்று லண்டன் அழைத்தபோது, மாற்று ஆள் வரும்வரை நகரமாட்டேன் என்று மறுத்தார். அக்டோபரில் ஒருவர் காட்டிக்கொடுத்துப் பிடிபட்டார்.

அனுப்பிய செய்திகளின் நகல்களை ஒரு குறிப்பேட்டில் வைத்திருந்தார் என்பது உண்மை. அது ஜெர்மானியர் கையில் சிக்கியது. அதைக் கொண்டு அவர்கள் நூரைப் போலவே லண்டனுக்குச் செய்தி அனுப்பி, பாராசூட்டில் இறங்கிய ஆட்களை வரவேற்றுப் பிடித்தார்கள். இதில் பெரிய பங்கு லண்டனுக்குத்தான் உண்டு. எச்சரிக்கைகள் வந்தும் மேசையில் இருந்தவர்கள் பொருட்படுத்தவில்லை. ஆனால் பழியைச் சுமப்பது எப்போதும் களத்தில் இருந்தவராகவே இருக்கிறார். நூர் இரண்டு முறை தப்ப முயன்றார், மாதக்கணக்கில் சங்கிலியில் கிடந்தார். விசாரணையில் அவர் எதையும் சொல்லவில்லை என்று போருக்குப் பின் ஜெர்மன் அதிகாரியே சொன்னார்.

உளவாளி என்றால் பிடித்தால் சுடலாம்தானே? அதில் என்ன குற்றம்?

முதல் பதிலில் சொன்ன ஹேக் உடன்படிக்கையே இதற்கும் விடை தருகிறது: உளவாளியைத் தண்டிக்கலாம், ஆனால் வழக்கு நடத்தாமல் தண்டிக்கக்கூடாது. மாத்தா ஹரிக்கு நடந்தது குறையுள்ள வழக்கு, ஆனாலும் வழக்கு. 1944 செப்டம்பர் 13 அன்று டாக்காவ் முகாமில் நூரும் அவருடன் மூன்று பெண்களும் சுடப்பட்டபோது வழக்கும் இல்லை, தீர்ப்பும் இல்லை. அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரியக்கூடாது என்பதே ஏற்பாடு. எஸ்.ஓ.இ.யின் பிரெஞ்சுப் பிரிவில் பணியாற்றிய வேரா அட்கின்ஸ், போர் முடிந்ததும் ஜெர்மனிக்குச் சென்று, சிறைக் காவலர்களையும் முகாம் ஆட்களையும் விசாரித்து, காணாமல் போன ஒவ்வொருவரின் முடிவையும் தேடினார். நூருக்கு 1949இல் பிரிட்டனின் வீர விருதான ஜார்ஜ் கிராஸ் வழங்கப்பட்டது.

அலுவலகத்தில் உட்கார்ந்து தட்டச்சு செய்தவர்களையும் இந்தக் கணக்கில் சேர்ப்பது நியாயமா, டீச்சர்?

கட்டாயம் சேர்க்க வேண்டும். உளவு என்பது தகவலைத் திருடுவதோடு முடிவதில்லை. அதைப் படித்து, அட்டையில் குறித்து, வேண்டிய நேரத்தில் எடுத்துத் தருவதில்தான் பாதி வேலை இருக்கிறது. எதிரியின் சங்கேதங்களை உடைக்கும் மையமாக இருந்த இங்கிலாந்தின் பிளெட்ச்லி பார்க்கில் போரின் இறுதியில் பணியாற்றியவர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். மேவிஸ் லீவர் என்ற 19 வயதுப் பெண், 1941 மார்ச்சில் இத்தாலியக் கடற்படையின் செய்தி ஒன்றை உடைத்தார். அதன் பொருள், இன்னும் மூன்று நாள் என்பதுதான். தொடர்ந்து வந்த செய்திகளையும் அவருடைய குழு உடைத்தது. மட்டப்பான் முனைக் கடற்போரில் இத்தாலி மூன்று பெரிய குரூசர் கப்பல்களையும் இரண்டு டிஸ்ட்ராயர்களையும் இழந்தது. அந்தப் பெண்கள் 1970கள் வரை இதைப் பற்றி வெளியே பேச முடியவில்லை.

எல்லாரும் வீராங்கனைகளா? தன் நாட்டைக் காட்டிக்கொடுத்த பெண்கள் யாரும் இல்லையா?

இருந்தார்கள், மிகத் திறமையாகவும் செய்தார்கள். மெலிட்டா நார்வுட் லண்டனில் உலோக ஆராய்ச்சிச் சங்கம் ஒன்றில் செயலாளர். அணுகுண்டுத் திட்டம் தொடர்பான காகிதங்கள் அவர் மேசை வழியே போயின. ஏறக்குறைய 40 ஆண்டுகள் சோவியத் ஒன்றியத்துக்குத் தகவல் கொடுத்தார். 1999இல் செய்தி வெளியானபோது அவருக்கு வயது 87. வீட்டுத் தோட்டத்தில் நின்றபடி நிருபர்களிடம் அமைதியாகப் பேசினார். வழக்குத் தொடரப்படவில்லை. அமெரிக்கப் பாதுகாப்பு உளவுத்துறையில் கியூபாவைப் பற்றிய ஆய்வாளராக இருந்த அனா மாண்டெஸ், உண்மையில் கியூபாவுக்கே வேலை செய்தவர். அலுவலகத்திலிருந்து ஒரு காகிதமும் எடுத்துப் போகமாட்டார். மனப்பாடம் செய்து, வீட்டில் கணினியில் தட்டச்சு செய்வார். 2001 செப்டம்பரில் கைதாகி, 25 ஆண்டுத் தண்டனை பெற்றார். சோப்பு விற்ற ஃபிலிஸுக்கும் இவர்களுக்கும் தொழில்நுணுக்கம் ஒன்றே, தரப்புதான் வேறு.

நம் ஈப்போ சிபில் கார்த்திகேசு உளவாளியா, இல்லையா?

இந்தக் கேள்வி எழும்போதெல்லாம் அறையில் குரல்கள் உயர்ந்துவிடும். முதலில் நடந்தது: 1899இல் மேடானில் பிறந்த யூரேசியர், செவிலியர், மருத்துவரான கணவருடன் ஈப்போவில் மருத்துவமனை நடத்தியவர். ஜப்பான் காலத்தில் பாப்பான் என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்து, காட்டிலிருந்து இரவில் வந்த எதிர்ப்புப் படையினருக்கு ரகசியமாகச் சிகிச்சையளித்தார். அவருக்குக் கண்டோனீஸ் சரளமாக வரும். ஒளித்து வைத்திருந்த வானொலிப் பெட்டியில் பிபிசி கேட்டு, செய்தியைப் பரப்பினார். 1943இல் ஜப்பானிய ராணுவக் காவல் படையான கெம்பித்தாய் கைது செய்து கொடுமையாகச் சித்திரவதை செய்தது. சிறு மகளைக் கயிற்றில் தொங்கவிட்டு, கீழே நெருப்பு மூட்டியும் அவர் பெயர்களைச் சொல்லவில்லை. போருக்குப் பின் ஜார்ஜ் பதக்கம் பெற்று, காயங்களின் விளைவால் 1948 ஜூனில் பிரிட்டனில் காலமானார்.

கெம்பித்தாய் அவர்மேல் சுமத்திய குற்றங்களில் உளவும் ஒன்று. ஆனால் முதல் பதிலில் உள்ள வரையறைப்படி பார்த்தால், அவர் சொந்த வீட்டில், சொந்தப் பெயரில், தன் தொழிலையே செய்தார்; பொய்த் தோற்றம் எதுவும் பூணவில்லை. ஆகவே எதிர்ப்புப் போராளி என்று சொல்வதே சரி என்பது என் கருத்து. அவரைச் சித்திரவதை செய்தவர்கள் வைத்த பெயரை நாம் எதற்குப் பெருமையாகச் சூட்ட வேண்டும்?

ஜான்சி ராணிப் படைக்குப் போன நம் தோட்டத்துப் பெண்கள்? பினாங்கிலேயே உளவுப் பள்ளி இருந்ததாமே?

1943இல் சிங்கப்பூரில் லட்சுமி சுவாமிநாதன் தலைமையில் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் பிரிவாக அமைந்த அந்தப் படையில் மலாயாத் தோட்டங்களின் தமிழ்ப் பெண்கள் பெருமளவில் சேர்ந்தார்கள். அவர்கள் சீருடை அணிந்த சிப்பாய்கள், உளவாளிகள் அல்லர். பினாங்கில் இந்திய சுயராஜ்யக் கல்வி நிலையம் என்ற பயிற்சிக்கூடம் இருந்ததும் உண்மைதான். அங்கிருந்து 1942இல் நீர்மூழ்கிக் கப்பலில் இந்தியக் கரைக்கு அனுப்பப்பட்டவர்கள் இளைஞர்கள். அவர்களுள் வக்கம் அப்துல் காதர் உள்ளிட்ட சிலர் 1943 செப்டம்பரில் சென்னையில் தூக்கிலிடப்பட்டார்கள்.

ரங்கூனில் பிறந்து சென்னையில் 2018இல் மறைந்த சரஸ்வதி ராஜாமணி, சிறுவன் வேடத்தில் பிரிட்டிஷ் முகாமில் வேலை செய்து நேதாஜியின் படைக்கு உளவு சொன்னதாகத் தாமே பேட்டிகளில் கூறியிருக்கிறார். நான் அதை அவருடைய நினைவு என்று சொல்லியே எடுத்துரைக்கிறேன்.

இப்போதாவது பெண்களுக்கு மேலிடம் கிடைக்கிறதா?

கிடைக்கிறது. 1960களில் டெல்லியில் பிரிட்டிஷ் தூதரக அதிகாரியின் மனைவியாக இருந்தபோது எழுத்தர் வேலைக்கு அழைக்கப்பட்ட ஸ்டெல்லா ரிமிங்டன், 1992இல் பிரிட்டனின் உள்நாட்டு உளவு அமைப்பான எம்.ஐ.5இன் முதல் பெண் தலைவரானார். ஜினா ஹாஸ்பெல் 2018இல் சி.ஐ.ஏ.வுக்கும், பிளெய்ஸ் மெட்ரவெலி 2025இல் பிரிட்டனின் வெளிநாட்டு உளவு அமைப்பான எம்.ஐ.6க்கும் தலைமையேற்றார்கள்.

என் பாட்டி ஜப்பான் காலத்தில் டிபன் கேரியரில் காகிதம் வைத்துக் காட்டோரம் கொடுத்துவிட்டு வருவாராம். அவரையும் உளவாளி என்று எழுதலாமா?

கூரியர், அதாவது ரகசியச் செய்தி எடுத்துச் சென்றவர், என்று எழுதுங்கள். எஸ்.ஓ.இ. அனுப்பிய பெண்களில் பலர் சைக்கிளில் செய்ததும் அதே வேலைதான். இப்போது உங்களிடம் இருப்பது ஒரே ஒரு வாய்ச்சொல். ஆகவே 'பாட்டி சொன்னது' என்ற தலைப்பிலேயே தொடங்கி, எந்தத் தோட்டம், யார் கொடுத்தார், யார் வாங்கினார், பாட்டிக்கு எழுத்துத் தெரியுமா என்று அவருடைய தங்கையிடமும் கேட்டு, குரலையும் பதிவு செய்துகொள்ளுங்கள் என்று சொன்னேன்.

கேட்டவர் அடுத்த மாதமே வந்தார். பாட்டிக்குத் தமிழும் படிக்கத் தெரியாது, அதனால்தான் அவரிடம் கொடுத்தார்களாம். மேல்தட்டில் அவித்த மரவள்ளிக்கிழங்கு, நடுத்தட்டில் கீரை, காகிதம் கீழ்த்தட்டின் அடியில். அரிசி கிடைக்காத காலம் என்பதால் ஒட்டிய பசையும் மரவள்ளி மாவுதான் என்று பாட்டியின் தங்கை சொல்லியிருக்கிறார்.